அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரும் ஆண்டும்: சமூக அறிவியல் கட்டுரைகளின் மேற்கோள் குறிப்புகளைப் படிக்கும் முறை

“நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்த்துப் பேசுகிறவர்கள் வழியாகத்தான் வேலை பற்றிய தகவல் அதிகம் வந்து சேர்கிறது (கிரானோவெட்டர், 1973).”

சமூகவியல் கட்டுரைகள் நாலைந்து படித்தால் இப்படி ஒரு வாக்கியம் எங்காவது எதிர்ப்படும். வாக்கியத்தைப் படித்துவிட்டு அடைப்புக்குறியைத் தாண்டிப் போய்விடுவதுதான் பலருக்கும் வழக்கம். அந்தப் பெயரும் ஆண்டும் இரண்டு வேலை செய்கின்றன. முதலாவது, முகவரி: இந்தக் கருத்து எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது. இரண்டாவது, பொறுப்பு: “இதை நிறுவியவர் அவர்” என்று ஆசிரியர் கைகாட்டுகிறார். முகவரியைப் படிக்க ஒரு நாளில் பழகிக்கொள்ளலாம். கைகாட்டிய இடத்தில் சொன்ன சரக்கு இருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முகவரியைப் பிரித்துப் படிப்பது

கட்டுரைக்குள் இருப்பது சுருக்கம். முழு விவரம் கடைசியில் உள்ள துணைநூல் பட்டியலில், குடும்பப் பெயரின் அகரவரிசையில் இருக்கும். மேலே உள்ள குறிப்பு அங்கே இப்படி வரும்:

கிரானோவெட்டர், எம். எஸ். (1973). தி ஸ்ட்ரெங்த் ஆஃப் வீக் டைஸ். அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சோஷியாலஜி, 78(6), 1360–1380.

ஆசிரியர், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர். 78 என்பது தொகுதி எண். அடைப்புக்குறிக்குள் உள்ள 6 அந்தத் தொகுதியின் ஆறாவது இதழ். கடைசியில் பக்க எண்கள். “ஓர் இதழில் 1360 பக்கமா?” என்று திகைக்க வேண்டாம். பல ஆய்விதழ்களில் ஒரு தொகுதியின் முதல் இதழில் தொடங்கும் பக்க எண் கடைசி இதழ்வரை தொடர்ந்து ஓடும். கட்டுரை 21 பக்கம்தான். இணையத்தில் மட்டும் வரும் சில இதழ்களில் பக்க எண்ணுக்குப் பதிலாகக் கட்டுரை எண் ஒன்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பக்கம் விட்டுப்போனதாக எண்ண வேண்டாம்.

அச்சில் சாய்வெழுத்தில் இருப்பது எது என்று பாருங்கள். நூலகத்தில் தேட வேண்டிய பெயர் அதுதான். இதழ்க் கட்டுரை என்றால் இதழின் பெயரும், நூல் என்றால் நூலின் பெயரும் சாய்ந்திருக்கும். தொகுப்பு நூலில் வந்த கட்டுரையில்தான் பலர் ஏமாறுவார்கள். பட்டியலில் முதலில் நிற்பது கட்டுரை எழுதியவர் பெயர். “இன்” என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பிறகு வருவது பதிப்பாசிரியர் பெயர். நூலகப் பட்டியலில் கட்டுரையாளர் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் நூல் கிடைக்காது. பதிப்பாசிரியர் பெயரையோ நூலின் தலைப்பையோ போட வேண்டும்.

பெயரும் ஆண்டும் போடும் இந்த முறைக்கு ஹார்வர்டு முறை என்று பெயர். 1881இல் எட்வர்டு லாரன்ஸ் மார்க் என்ற ஹார்வர்டு விலங்கியலாளர், தோட்டத்து நத்தையினம் பற்றி எழுதிய ஆய்வில் இதைக் கையாண்டார் என்பதுதான் காரணம். உளவியல், கல்வியியல் கட்டுரைகளில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. நடை அதிகம் வரும். வரலாறு சார்ந்த எழுத்தில் சிகாகோ நடையின் அடிக்குறிப்புகள் வரும். எந்த நடை என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. படிப்பவருக்கு வேண்டியது அதன் சங்கேதங்கள்தான்.

சின்னச் சின்னச் சொற்கள் சொல்வது என்ன

“எட் ஆல்.” என்றால் “மற்றும் பிறர்”. ஏ.பி.ஏ. நடையின் 2019ஆம் ஆண்டு ஏழாம் பதிப்பில் மூன்று பேர் எழுதியிருந்தாலே முதல் குறிப்பிலிருந்தே இப்படிச் சுருக்குவார்கள். ஆண்டுக்குப் பின்னால் ஏ, பி என்று ஆங்கில எழுத்து ஒட்டியிருந்தால், அவர் அதே ஆண்டில் எழுதிய வெவ்வேறு கட்டுரைகள் என்று பொருள். அந்த எழுத்தைக் கவனிக்காமல் போனால் தவறான கட்டுரையைத் தேடி எடுத்துவிடுவீர்கள். அடிக்குறிப்பில் “இபிட்.” என்பது உடனடியாக முன்னால் வந்த அதே நூல், “ஆப். சிட்.” என்பது முன்பு எங்கோ குறிப்பிட்ட நூல், பின்னோக்கிப் புரட்டித்தான் பிடிக்க வேண்டும். “தனிப்பட்ட தகவல்” என்று இருந்தால் மின்னஞ்சலோ பேச்சோ, ஏ.பி.ஏ. நடையில் அது பட்டியலில் இருக்காது, தேட வேண்டாம்.

இவற்றைவிட முக்கியமானவை “சி.எஃப்.”, “பட் சீ” இரண்டும். முதலாவதற்கு “ஒப்பிட்டுப் பார்க்க” என்று பொருள். ஆதரவாக நிற்காத நூலைத்தான் பெரும்பாலும் அங்கே வைப்பார்கள். இரண்டாவது, “ஆனால் இதையும் பார்க்க”. தம் கருத்துக்கு எதிரான சான்று இருக்கிறது என்று ஆசிரியரே ஒப்புக்கொள்ளும் இடம் அது. ஒரு கட்டுரையில் எங்கே வாதம் நடக்கிறது என்று அறிய இதைவிட நல்ல வழி கிடையாது. அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

ஒரே அடைப்புக்குறிக்குள் ஐந்தாறு பெயர்கள் அரைப்புள்ளியிட்டு நின்றால், முதலில் நிற்பவர் முக்கியமானவர் என்று நினைக்காதீர்கள். ஏ.பி.ஏ. நடையில் அது வெறும் அகரவரிசை. இப்படிக் கூட்டமாக நிற்கும் குறிப்புகள் பெரும்பாலும் “இந்தத் துறையில் இவர்களெல்லாம் எழுதியிருக்கிறார்கள்” என்று சொல்வதற்கு மட்டும்தான்.

பக்க எண் இருக்கிறதா? (கிரானோவெட்டர் 1973: 1371) என்று இருந்தால், ஆசிரியர் ஒரு குறிப்பிட்ட இடத்தைச் சுட்டுகிறார், நீங்களும் போய் அதே பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். பக்க எண் இல்லாமல் 300 பக்க நூல் ஒன்றைக் கைகாட்டினால் அந்தக் கருத்தைச் சரிபார்ப்பது கடினம். துல்லியமான கருத்துக்குப் பக்க எண் தராமல் விட்டிருக்கும் இடத்தில் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

குறிப்பு எதைத் தாங்குகிறது?

ஒரு கட்டுரையில் ஐம்பது, எண்பது குறிப்புகள்கூட இருக்கும். எல்லாவற்றையும் தேடிப் படிக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தக் குறிப்பை உருவிவிட்டால் கட்டுரையின் வாதம் விழுமா? விழாது என்றால் தாண்டிப் போங்கள். விழும் என்றால் விளிம்பில் ஒரு புள்ளி வையுங்கள். முடிக்கும்போது நான்கைந்து புள்ளிகளுக்கு மேல் இருக்காது. பெரும்பாலும் அவை மூன்று இடங்களில் இருக்கும்: மையக் கருத்தாக்கம் யாரிடமிருந்து வந்தது, அளவுகோலோ கேள்விப்பட்டியலோ எங்கிருந்து எடுக்கப்பட்டது, தம் முடிவை யாருடைய முடிவோடு ஒப்பிடுகிறார். அறிமுகப் பகுதியில் வரும் கூட்டத்தைவிட, முறையியல் பகுதியில் தனியாக நிற்கும் ஒரு குறிப்பு பல மடங்கு கனமானது.

புள்ளி வைத்ததை மூலத்தில் போய்ப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு கிரானோவெட்டரையே எடுத்துக்கொள்வோம். அந்தக் கட்டுரை பெரிதும் கோட்பாடு சார்ந்தது; வேலை தேடல் அதில் ஒரு சிறு பகுதி. பாஸ்டன் புறநகர் ஒன்றில் அண்மையில் வேலை மாறிய தொழில்முறை, தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களிடம் கேட்டது அது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்கள் 54 பேர். அந்தத் தெரிந்தவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்பதற்கு, வாரம் இரண்டு முறையாவது என்றவர்கள் 16.7 சதவீதம், அதைவிடக் குறைவு, ஆனால் ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் என்றவர்கள் 55.6 சதவீதம், ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் 27.8 சதவீதம். ஆட்களாக எண்ணினால் 9, 30, 15.

இப்போது முதல் வாக்கியத்துக்குத் திரும்பி வாருங்கள். “வேலை பற்றிய தகவல் அதிகம் வந்து சேர்கிறது” என்று பொதுவாகச் சொன்னதற்கு அடியில் இருப்பது, ஒரு நாட்டின் ஒரு புறநகரில், படித்த பணியாளர்கள் 54 பேர். கிரானோவெட்டர் தவறு செய்யவில்லை. தம் தரவு எது என்று அவர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். அவரைக் கைகாட்டுகிறவர்தான் “எங்கே, யாரிடம்” என்ற சொற்களை வழியில் தவற விட்டுவிட்டார். கட்டடத் தொழிலாளர்கள் வேலை தேடுவது பற்றிய கட்டுரையில் இந்தக் குறிப்பு மட்டும் சான்றாக நின்றால் அது போதாது. 1997இல் யான்ஜியே பியான் என்ற சமூகவியலாளர், சீனாவின் தியான்ஜின் நகரத் தரவைக் கொண்டு, அரசே வேலையை ஒதுக்கும் அமைப்பில் நெருங்கிய உறவுகள்தான் கைகொடுத்தன என்று அமெரிக்கன் சோஷியலாஜிக்கல் ரிவ்யூ இதழில் காட்டினார். கட்டுரையாளர் பியானையும் சேர்த்துப் பேசுகிறாரா என்று பாருங்கள். பேசியிருந்தால் அவர் துறையைப் படித்தவர் என்று நம்பலாம்.

மூலத்தில் பார்க்க வேண்டியவை இவைதான்: யாரிடம் கேட்டார்கள், எங்கே, எப்போது, எத்தனை பேர்; மூல ஆசிரியர் “இருக்கலாம்” என்றதை மேற்கோள் காட்டுகிறவர் “இருக்கிறது” என்று ஆக்கிவிட்டாரா; இரண்டும் சேர்ந்து வருகின்றன என்றதை, ஒன்றால் மற்றது விளைகிறது என்று மாற்றிவிட்டாரா. கடைசித் தவறு மிக அதிகம்.

ஆண்டு எப்போது ஏமாற்றும்

“அம்பேத்கர் (1979)” என்று ஒரு கட்டுரையில் பார்த்தால் என்ன நினைப்பீர்கள்? அவர் 1956இலேயே மறைந்துவிட்டார். 1979 என்பது மகாராஷ்டிர அரசு அவருடைய ஆங்கில எழுத்துகளையும் உரைகளையும் தொகுத்து வெளியிட்ட முதல் தொகுதியின் ஆண்டு. “இந்தியாவில் சாதிகள்” என்ற அவருடைய கட்டுரை அதில் இருக்கிறது. அவர் அதைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்தது 1916 மே மாதம். இந்தியன் ஆன்டிக்வரி இதழில் அச்சானது 1917 மே மாதம். ஆக ஒரே எழுத்து 1916, 1917, 1979 என்று மூன்று ஆண்டுகளில் மேற்கோளாக வரும். முறையாக எழுதுகிறவர்கள் “1979 [1917]” என்றோ “1917/1979” என்றோ இரண்டையும் போடுவார்கள். கருத்துகளின் வரலாறு பேசும் கட்டுரையில் இது சின்ன விஷயம் இல்லை. யாருக்கு முன்னால் யார் சொன்னார்கள் என்பதே அங்கே வாதம். மறுபதிப்பு ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு, 25 வயது மாணவராக அவர் சொன்னதைப் பிற்காலத்தவர் வழிவந்த கருத்தாகப் படித்துவிடக் கூடாது. வெபர், துர்கைம், மார்க்ஸ் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்புகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

அதே கட்டுரையின் முகவரியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இந்தியன் ஆன்டிக்வரி, மே 1917, தொகுதி எக்ஸ்.எல்.ஐ. என்று, அதாவது ரோமன் எண்ணில் 41 என்று, பல இடங்களில் போட்டிருப்பதைக் காணலாம். ஆண்டுக்கு ஒரு தொகுதியாக வந்த இதழ் அது. முதல் தொகுதி 1872. அப்படியானால் 1917க்கு உரியது 46ஆம் தொகுதி, எக்ஸ்.எல்.வி.ஐ. நடுவில் ஒரே ஒரு “வி” விழுந்துபோயிருக்கிறது. 41ஆம் தொகுதியை எடுத்தால் கையில் வருவது 1912ஆம் ஆண்டு இதழ். விழுந்துபோன எழுத்து விழுந்தபடியே ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்றால், எடுத்தாள்கிறவர்கள் முதல் அச்சைத் திறக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம்: கட்டுரை வந்த ஆண்டிலிருந்து இதழ் தொடங்கிய ஆண்டைக் கழித்து ஒன்று கூட்டினால் தொகுதி எண். எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி 1966இல் தொடங்கியது. 2016க்குத் தொகுதி 51. ஆண்டுக்கு இரண்டு தொகுதி வரும் இதழ்களுக்கும் இடையில் நின்றுபோன இதழ்களுக்கும் இது பொருந்தாது.

மூலத்தைத் தேடிப் பிடிப்பது

பட்டியலில் 10 என்று தொடங்கி, ஒரு புள்ளியும் சாய்கோடும் உள்ள எண் இருந்தால் அது டி.ஓ.ஐ.; அந்தக் கட்டுரைக்கே உரிய நிரந்தர எண். கிரானோவெட்டர் கட்டுரைக்கு 10.1086/225469. இணையத்தில் டி.ஓ.ஐ. தளத்தில் (doi.org) அதை இட்டால் நேராக இதழின் பக்கம் திறக்கும். வேறு கட்டுரை திறந்தால் குறிப்பில் பிழை. எண் இல்லை என்றால், தலைப்பை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். முடிவின் கீழே மற்றப் பதிப்புகளுக்கான இணைப்பு இருக்கும். காசு கேட்கும் கட்டுரையின் இலவசப் படி பல நேரம் அங்கேதான் கிடைக்கும். ஆனால் அது இதழில் வருவதற்கு முந்தைய வரைவாக இருக்கலாம். எண்களும் பக்கங்களும் மாறியிருக்கும். வரைவைப் படித்தால் வரைவு என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா தளம். பழைய தமிழ் இதழ்களும் நூல்களும் மேற்கோளாக வந்தால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் தளம்.

தமிழ்ப் பெயர்களைத் தேடுவதில் தனிச் சிக்கல் உண்டு. மேலைநாட்டு முறை குடும்பப் பெயரை முதலில் வைக்கும். நமக்கு இருப்பது தந்தை பெயரின் முதலெழுத்து. வ. கீதாவைக் “கீதா, வி.” என்று சரியாகப் போட்டிருப்பார்கள். கார்த்திகேசு சிவத்தம்பியில் கார்த்திகேசு தந்தையின் பெயர். ஆங்கிலத்தில் சிவத்தம்பியின் எழுத்துக்கூட்டல் கட்டுரைக்குக் கட்டுரை மாறும். ஒரு கூட்டலில் கிடைக்கவில்லை என்றால் எழுத்தை மாற்றி, முன்பின்னாக்கி, இரண்டு மூன்று முறை தேடிவிட்டுத்தான் “இல்லை” என்ற முடிவுக்கு வர வேண்டும்.

பின்னால் என்ன ஆயிற்று?

பட்டியல் காட்டுவது கட்டுரைக்கு முந்தைய காலத்தை மட்டும். அதற்குப் பின் நடந்தது தெரிய, கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற இணைப்பைச் சொடுக்க வேண்டும். இது ஏன் அவசியம் என்பதற்கு ஒரு வழக்கு போதும். பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் எழுதிய கட்டுரை, அரசின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது. அரசுகளின் செலவுக் குறைப்புக்கு ஆதரவாக அது பரவலாக எடுத்தாளப்பட்டது. 2013இல் ஹெர்ன்டன், ஆஷ், போலின் மூவரும் அதே தரவை வாங்கிக் கணக்குப் போட்டார்கள். எக்செல் தாளில் ஐந்து நாடுகளின் வரிசைகள் சராசரியில் சேராமல் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் தரவு விலக்கப்பட்டிருந்தது. நாடுகளுக்கு எடை கொடுத்த விதத்திலும் சிக்கல். திருத்திப் பார்த்தால் சராசரி 2.2 சதவீதம். அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்படவில்லை. அதனால் இதழின் பக்கத்தில் சிவப்பு எச்சரிக்கை எதுவும் எதிர்பார்க்க முடியாது. பின்னால் வந்தவற்றைப் பார்த்தால்தான் தெரியும். 2013க்குப் பிறகு எழுதிய ஒருவர் முதல் கட்டுரையை மட்டும் காட்டினால், அது பெரிய குறை.

முறையாகத் திரும்பப் பெறப்பட்டவையும் உண்டு. நேரில் போய் உரையாடினால் ஒரே பாலினத் திருமணம் பற்றிய மனநிலை மாறும் என்று 2014 டிசம்பரில் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வை, அடுத்த மே மாதமே இதழ் திரும்பப் பெற்றது. இப்படிப்பட்டவை அதன் பிறகும் மேற்கோளாக வந்துகொண்டிருக்கும். புள்ளி வைத்த நான்கைந்து கட்டுரைகளையும், திரும்பப் பெறப்பட்டவற்றைப் பட்டியலிடும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

இல்லாத கட்டுரையும் மேற்கோளாக வரும். “தி ஆர்ட் ஆஃப் ரைட்டிங் எ சயின்டிஃபிக் ஆர்ட்டிகிள்” என்று வான் டெர் கீர் முதலானோர் 2000இல் எழுதியதாக ஒரு குறிப்பு நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் இருக்கிறது. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. குறிப்பு எப்படி எழுத வேண்டும் என்று காட்ட ஒரு பதிப்பகம் தன் மாதிரிப் படிவத்தில் வைத்திருந்த எடுத்துக்காட்டு அது. அழிக்காமல் விட்டவர்களின் பட்டியல்களில் அப்படியே அச்சாகிவிட்டது. இப்போது செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள் இல்லாத கட்டுரைகளுக்கு, உண்மையான இதழ்ப் பெயரும் நம்பும்படியான பக்க எண்ணும் சேர்த்துத் தந்துவிடுகின்றன. தலைப்பு எங்குமே கிடைக்காமல், டி.ஓ.ஐ. வேறெங்கோ கொண்டுபோய் விட்டால், அந்த இதழின் அந்தத் தொகுதியின் உள்ளடக்கப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் அந்தக் குறிப்பை உங்கள் எழுத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

“இன்னாரில் மேற்கோள் காட்டியபடி” என்று இருந்தால் ஆசிரியர் மூலத்தைப் படிக்கவில்லை என்று நேர்மையாகச் சொல்கிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். படிக்கும் நோட்டில் ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதி வையுங்கள்: மூலம் படித்தது, சுருக்கம் மட்டும் படித்தது, பிறர் வழியாக அறிந்தது. மூலம் படித்தது என்றால் பக்க எண்ணையும் அப்போதே எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஆய்வேட்டின் கடைசி வாரத்தில் அந்தப் பக்கத்தைத் தேடுவது பெரும்பாடு.